எட்டடி பேனரோடு கோலாலம்பூர் போனேன்

கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் என்னைச் சும்மா விட்டுவிட்டார்கள். பேனரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எட்டடி ஃபிளெக்ஸைச் சுருட்டி, சாக்குத் தைக்கிற நூலால் மூன்று இடத்தில் கட்டி, தோளில் சாய்த்து வைத்திருந்தேன். சீருடை போட்ட ஒரு அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். "ஓப்பன்" என்பது மட்டும் புரிந்தது. அங்கேயே தரையில் விரித்தேன். பின்னால் நின்ற வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

வயல், வாய்க்கால், ஜோடி மாடு, டிராக்டர், கோபுரம், பதினாலு ஆட்கள். நடுவில் மஞ்சள் எழுத்தில் ‘கடைமடை’. எழுத்துக்குச் சிவப்பு ஓரம், அதற்கும் வெளியே வெள்ளை ஓரம். மேலே இடது மூலையில், பூ வளையத்துக்குள் என் அண்ணன் இளங்கோவின் முகம். அந்த அம்மா அண்ணனைக் காட்டி, "பொலிட்டிஷியன்?" என்று கேட்டார்.

"பிரதர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, சுருட்டிக்கொள்ளும்படி கையைக் காட்டினார். மலேசியாவில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

என் பெயர் அரசி. பத்தாவது இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் கணக்கு காலை வாரியது. அதற்குப் பிறகு மன்னார்குடியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வேன். எங்கள் பக்கத்தில் ரோட்டோரம் ஒரு பேனர் நின்றால் அதில் பாதி என் கையாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அண்ணன் பாலிடெக்னிக் முடித்தவன். இரண்டு வருடம் உட்கார்ந்து போனில் விளையாடுகிற ஒரு கேம் செய்தான். வாய்க்காலின் கடைசியில் உங்களுக்கு ஒரு வயல். மேலே இருக்கிற வயல்காரர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரை மடக்கிக்கொள்வார்கள். பயிர் காய்வதற்குள் எப்படியாவது தண்ணீரைக் கடைசிவரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எங்கள் அப்பா குத்தகைக்கு உழுகிற வயல் அப்படிப்பட்டதுதான். கடைமடை என்றால் அதுதான், வாய்க்காலின் கடைசி.

கேம் முடிந்துவிட்டது. போனில் கேம் இறக்கிக்கொள்கிற ஆன்லைன் கடையில் ஏற்ற வேண்டிய படமும் அதைப் பற்றி எழுத வேண்டிய நாலு வரியும்தான் பாக்கி. அதை அண்ணன் முதல் நாளே என் தலையில் கட்டிவிட்டான். "கோடு எழுதுறது நான். ஆள இழுக்குறது நீ. ஊரையே பேனர் வச்சு இழுக்குற, இத இழுக்க மாட்டியா?" என்றான். பிறகு ஆறு நாள் காய்ச்சல். ஏழாம் நாள் அண்ணன் இல்லை.

எட்டு மாதம் ஆகிறது. அவனுடைய போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அதில்தான் அந்த மெயில் வந்தது. கோலாலம்பூரில் சின்னச் சின்ன ஆட்கள் செய்த கேம்களுக்கு இரண்டு நாள் கண்காட்சி, அவனுக்கு ஒரு மேஜை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மேஜையில் உட்காரத்தான் போனேன். போன் கடையில் கேம்கள் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கின்றன. யாரும் தொடாமல் இது அடியில் போய்விட்டால், அண்ணனின் இரண்டு வருடமும் அதோடு அடியில் போய்விடும். எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

ஏர்போர்ட்டுக்கு ரியாஸ் அண்ணன் வந்திருந்தார். அண்ணனோடு படித்தவர், ஊர் முத்துப்பேட்டை, இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அண்ணன் போன பிறகு கேமில் மிச்சமிருந்த கோளாறுகளைச் சரிசெய்தவர் அவர்தான். பேனரைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "இவ்ளோ பெருசாம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அதன் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார்.

டிரெயினில் ஏறும்போது ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே. கதவு மூடி, திறந்து, மறுபடி மூடி, ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் எங்களைத் திட்டியது. அதுவும் மரியாதையாகத்தான் திட்டியது. உள்ளே ஒரு பாட்டியின் முக்காட்டில் பேனர் இடித்துவிட்டது. அவர் எதுவோ சொன்னார். ரியாஸ் அண்ணன் மொழிபெயர்த்தார்: "பாய் வாங்கிட்டு வரியா, இவ்ளோ நீளமா படுப்பியான்னு கேக்குறாங்க."

மறுநாள் காலையில் ரியாஸ் அண்ணன் வாழை இலையில் கூம்பு மாதிரி கட்டிய பொட்டலம் ஒன்று வாங்கித் தந்தார். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, இனிப்பும் காரமுமாய் ஒரு குழம்பு. பிரித்ததும் முதலில் அரிசியைத்தான் பார்த்தேன். எங்கள் ஊர் ஆள் எங்கே போனாலும் அதைத்தான் பார்ப்பான். நீளமாக, உதிரியாக இருந்தது. "நம்ம ஊர் அரிசி இல்ல" என்றேன். "அதெல்லாம் பார்க்காம சாப்பிடு" என்றார். மூன்று பொட்டலம் சாப்பிட்டேன்.

கண்காட்சி ஒரு பெரிய ஏசி மண்டபத்தில் இருந்தது. எங்கள் மேஜை பெஞ்சு அளவுதான். பேனரை நைலான் கயிற்றால் பின்னால் இருந்த கம்பியில் இழுத்துக் கட்டினேன். கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மண்டபத்திலேயே பெரியது எங்களுடையதுதான். பக்கத்து மேஜையில் ஒரு சீனப் பெண்ணும் அவள் கணவனும். அவர்கள் மாட்டியிருந்தது தலையணை அளவு படம். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு சிவப்பு மீன். வேறு எதுவும் இல்லை. பாவம், டிசைன் தெரியாதவர்கள் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் அவர்கள் மேஜையில் நிற்க இடம் இல்லை. எல்லோரும் வாசலிலேயே "அந்த மீன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் மேஜைக்கு வந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள். நிறைய நேரம் பார்த்தார்கள். பிறகு போய்விட்டார்கள். இரண்டு பெண்கள் எதையோ சொல்லிக்கொண்டே கடந்தார்கள். என்ன சொன்னார்கள் என்று ரியாஸ் அண்ணனைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒருத்தி, அது என்ன கேம்னு கேக்குறா. இன்னொருத்தி, தெரியல, ஒரே கூட்டமா இருக்குங்கிறா."

எங்கள் தொழிலில் கூட்டம்தான் மரியாதை. ஒரு முகம் விட்டுப்போனால் கல்யாணத்தில் சண்டை வந்துவிடும். தாய்மாமன் படம் சின்னதாகப் போய்விட்டது என்று பேனரைக் கிழித்த வீடு எனக்குத் தெரியும். காலி இடம் விட்டால், ஆள் இல்லாத குடும்பம் என்று அர்த்தம். இறந்தவர்கள் மேல் மூலையில், பூவுக்குள். அது எழுதாத சட்டம்.

சாயங்காலம் ஒரு அக்கா விளையாட வந்து உட்கார்ந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. மேல் வயல்காரன் தண்ணீரை மடக்கும்போதெல்லாம், "ஐயோ இந்த மீசைக்காரன்!" என்று மேஜையைத் தட்டினார். கடைசியில் தண்ணீர் கடைமடை வயலைத் தொட்டதும் பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அண்ணனே எழுந்து வந்த மாதிரி இருந்தது.

"வீட்டுல போய் விளையாடணும். கடையில பேரு போட்டா வருமா?" என்று தன் போனை எடுத்தார்.

வந்தது. ரியாஸ் அண்ணன் ஏற்கெனவே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார், வெளியிடும் நாள் மட்டும்தான் பாக்கி. திரையில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. அந்த அக்கா மேலே தள்ளினார், கீழே தள்ளினார். எங்கள் படத்தை மூன்று தடவை கடந்து போனார். பதினாலு பேரும் பதினாலு புள்ளி. தலைப்பு ஒரு மஞ்சள் கறை. அந்த அளவிலும் தெரிந்தது ஒன்றுதான், மூலையில் அண்ணனைச் சுற்றிய பூ வளையம்.

"இதுதான்க்கா" என்று விரல் வைத்தேன்.

"இதா? இது ஏதோ அஞ்சலி போஸ்டர்னு தள்ளிட்டேன் லா. மன்னிச்சுக்கோ மா."

அவர் மேல் தப்பே இல்லை. அது அஞ்சலிப் படம்தான். அண்ணன் போன அன்று மதியம் கடைக்குப் போய் அவனுடைய கண்ணீர் அஞ்சலி பேனரை நானே செய்தேன். வேறு யாரிடமும் விட மனசு வரவில்லை. மொட்டை மாடியில் எடுத்த போட்டோவில் இருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். காதோரம் முடி ஒவ்வொன்றாக வெட்டினேன். அதே முகத்தைத்தான் கேமின் படத்திலும் வைத்திருந்தேன். மண்டபத்துப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகப் போகிறதே என்று பாதியில் குழாயை மூடிவிட்டுச் சத்தம் வராமல் அழுதேன்.

வெளியே வந்து ரியாஸ் அண்ணனோடு சண்டை போட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? ஏன் சொல்லல?"

"படத்துல கேம் பேரத் தவிர வேற எழுத்து கூடாதுன்னு சொன்னேன்ல. நீ பதினாலு பேரு பேரையும் எடுத்த."

"அது இல்ல. போட்டோவ?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க அண்ணன் போட்டோவ எடுன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

அப்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. அங்கே தினமும் சாயங்காலம் மழை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்படிக் கொட்டுகிறது, ஒருவரும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு தண்ணீரும் நேரே சாக்கடைக்குப் போகிறது. மேட்டூர் திறந்து எத்தனை நாளில் நம் வாய்க்காலுக்கு வரும் என்று நாங்கள் விரல் மடக்கிக்கொண்டிருப்போம். எனக்கு அந்த ஊர் மேலேயே கோபம் வந்தது.

இரண்டாம் நாள் காலையில் பேனரை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. நான் கடைப் பக்கத்துக்கு எழுதியிருந்த நாலு வரி எப்படி ஆரம்பித்தது தெரியுமா? "அன்புடையீர், வணக்கம். எங்கள் குலதெய்வத்தின் அருளாலும் பெரியோர்களின் ஆசியாலும்." பத்திரிகை அடித்து அடித்துப் பழகிய கை. வணக்கத்தை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஆட்கள் அடுத்த கேமுக்குப் போய்விடுவார்கள். ஆனால் முதல் நாள் போகப் பார்த்தவர்களில் ஒன்றிரண்டு பேர், நான் வாயால் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்தார்கள். என்ன சொன்னேன் என்று யோசித்தேன். எனக்கு ஆங்கிலம் வராது. அதனால் வணக்கம் எல்லாம் சொல்லவில்லை. தெரிந்த நாலு வார்த்தையில் நேராக விஷயத்தைச் சொன்னேன்.

அதையே ரியாஸ் அண்ணனிடம் சொல்லி, தடித்த பேனாவால் வெள்ளையில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். "தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் வயல் கடைசியில் இருக்கிறது. வருமா?"

அவ்வளவுதான். ஆட்கள் நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். மீன்காரப் பெண் தன் மேஜையை விட்டுவிட்டு வந்து விளையாடினாள். தோற்றுப்போய், சீன மொழியில் மீசைக்காரனைத் திட்டினாள். எந்த மொழியில் திட்டினாலும் அந்த ஆளைத் திட்டுவது மட்டும் புரிகிறது. மூன்று மணிக்கு எங்கள் மேஜையிலும் வரிசை. அந்த வரிசையை நான் போட்டோ எடுக்கவில்லை. ஆனால் இப்போது கேட்டாலும் யார் எந்தச் சட்டையில் நின்றார்கள் என்று சொல்வேன்.

வரி கிடைத்துவிட்டது. படம் கிடைக்கவில்லை. அண்ணன் முகத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

ஊருக்கு வந்த மறுநாள் நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே சாலையோரம் எங்கள் கடை பேனர் ஒன்று, பூப்புனித நீராட்டு விழா, இருபத்திரண்டு முகம். அரை கிலோமீட்டருக்கு முன்னால் அது கண்ணில் பட்டபோது என்ன தெரிந்தது என்று யோசித்தேன். ஒரு பெரிய முகமும் மஞ்சளும்தான் தெரிந்தது. எட்டடி பேனரைத் தூரத்தில் நின்று பார்ப்பதும், நகம் அளவு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதும் ஒன்றுதான். ஐந்து வருடமாக நான் பேனரைக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். கேட் திறப்பதற்குள் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

மீதி வாய்க்காலில் புரிந்தது. எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம். யார் முறை ஓடுகிறதோ அவர் தன் மடையில், அதாவது வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற வெட்டில், மண்வெட்டியை நட்டு, பிடியில் துண்டைத் தொங்கவிடுவார். ஆள் டீ குடிக்கப் போனாலும் தூங்கினாலும், மண்வெட்டி நிற்கிறவரை வேறு யாரும் தண்ணீரை மடக்கக் கூடாது. பக்கத்தில் ஆளே இருக்க வேண்டாம், மண்வெட்டி போதும். அப்பா முறைக்கு அண்ணன்தான் போவான். அவன் துண்டு வைத்துக்கொள்வதில்லை. கழுத்தில் கிடக்கிற ஆரஞ்சு நிற ஹெட்போனைத்தான் மண்வெட்டியில் மாட்டுவான். "பாட்டு கேக்குற மண்வெட்டி" என்று ஊரில் கிண்டல் செய்வார்கள்.

அந்த ஹெட்போனையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு எங்கள் மடைக்குப் போனேன். கரையில் நட்டு, ஹெட்போனை மாட்டி, மண்டியிட்டுக் கீழே இருந்து படம் எடுக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு யார் முறை என்று கேட்கவேண்டும் என்கிற புத்திகூட எனக்கு இல்லை.

"எவன்டா அது! எம் முறையில எவன்டா மண்வெட்டிய நட்டது?"

கோவிந்தராசு பெரியப்பா. எங்களுக்கு மேல் வயல்காரர். கேமில் வருகிற மீசைக்காரன் அவரேதான். அண்ணன் மீசையைக்கூட மாற்றவில்லை. கரை அதிர வந்தார். என்னைப் பார்த்தார். மண்வெட்டியைப் பார்த்தார். ஹெட்போனைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"எடுத்துடுறேன் பெரியப்பா. கேமுக்குப் படம் புடிக்கத்தான். உங்க முறைன்னு தெரியாது."

"இரு." கரையில் உட்கார்ந்தார். பீடியை எடுத்து, பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "புடிச்சிட்டியா?"

"இல்ல, இன்னும் வெளிச்சம் சரியா விழல. நீங்க மடையத் தொறந்துக்குங்க பெரியப்பா, இது சும்மா வச்சதுதான்."

"சும்மாவோ சும்மா இல்லியோ, மண்வெட்டி நிக்கிதுல்ல? நிக்கிறப்ப நான் மடக்குனா நாளைக்கி எம் மண்வெட்டிய எவன் மதிப்பான்?" பீடியைக் காதோரம் செருகிக்கொண்டு, "அந்தக் கேமுல என்னத்தான் வில்லனா போட்டுருக்கானாமே?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா பெரியப்பா. மலேசியாவுல எல்லாரும் உங்களத்தான் திட்டுனாங்க. சீனாக்காரங்ககூடத் திட்டுனாங்க."

"சீனாக்காரனுமா!" மீசையைத் தடவிக்கொண்டார். சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "நல்லாப் புடி. நிழலு விழுவுது பாரு, அந்தாண்ட போ."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய முறைத் தண்ணீர் அந்த ஒரு மணி நேரமும் அவர் வயலைத் தாண்டி எங்கள் பக்கம் ஓடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மண்வெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்த பிறகுதான் எழுந்தார்.

கடையில் உட்கார்ந்து இரண்டு நாள் வரைந்தேன். கரையில் ஒரு மண்வெட்டி. பிடியில் ஆரஞ்சு ஹெட்போன். பின்னால் ஒரு கோடு தண்ணீர், மிச்சமெல்லாம் விடிகிற வானம். கீழே பெயர் மட்டும். வரைந்ததை நகம் அளவுக்குச் சுருக்கி, போனில் போட்டு, கல்லாவில் சாய்த்து வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தேன். தெரிந்தது. ஒரு மினி பஸ் நடுவில் போன பிறகும் தெரிந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன அரசி, இவ்ளோ எடத்தச் சும்மா விட்டிருக்க? நாலு மாவட்டப் பொறுப்பாளர் உக்காரலாமே!"

"யாரும் உக்கார வேணாம் சார். எங்கண்ணன் மட்டும் இருக்கட்டும்."

அவர் மறுபடி பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை.

ரியாஸ் அண்ணன் படத்தையும் வரியையும் ஏற்றிவிட்டு, ஆகிவிட்டது என்று செய்தி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. அந்த நர்ஸ் அக்கா அவருக்கு எழுதியிருந்தாராம்: "தேடாமலே கிடைத்தது. அந்தச் சின்னப் பிள்ளைதானே வரைந்தது?" சின்னப் பிள்ளை நான்தான்.

அதோடு எனக்குப் போதவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் போனை நீட்டினேன். அப்பாவுக்குக் கண்ணாடி போட்டாலும் கிட்டப் பார்வை சரியில்லை. படிப்பும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுதான். திரையில் வரிசையாக இருபது கேம்கள், கார், துப்பாக்கி, மிட்டாய், பூதம். எங்களுடையது எது என்று நான் சொல்லவில்லை. படம் மாறியதும் அவருக்குத் தெரியாது. "இதுல நம்மளுது எதுப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

அப்பா போனைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவைதான் பார்த்தார். மண் ஏறிய கட்டைவிரலைத் தூக்கி, நேராக மண்வெட்டி மேல் வைத்தார்.

பக்கம் திறந்தது. ஆங்கிலத்துக்குக் கீழே நான் தமிழிலும் எழுதியிருந்தேன். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். "தண்ணி... வந்துடுச்சு. ஒங்க வயலு... கடைசில இருக்கு. வருமா?"

போனை என்னிடம் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்.

"வரும். அதான் மண்வெட்டி நிக்கிதுல்ல."